நாலு போர்டு, ஒரு ரிசல்ட்: செஸ் ஒலிம்பியாட்ல அரை பாயிண்ட்டோட விலை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "செஸ் தனியா உட்கார்ந்து ஆடுற கேம்தானே, அதுல டீம்னா என்ன?" நியாயமான கேள்வி. இன்னைக்கு அதைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

முதல்ல ஃபார்மட். செஸ் ஒலிம்பியாட்ல ஒரு டீமுக்கு அஞ்சு பேர். ஒரு ரவுண்டுல நாலு பேர் ஆடுவாங்க, ஒருத்தருக்கு ரெஸ்ட். மொத்தம் 11 ரவுண்டு. ஒவ்வொரு போர்டுலயும் ஜெயிச்சா 1, டிரா பண்ணா அரை. நாலு போர்டையும் கூட்டி எதிரணியை விட அதிகம் இருந்தா அந்த மேட்ச் உங்களுக்கு. 2 மேட்ச் பாயிண்ட் கிடைக்கும். 2-2ன்னு முடிஞ்சா ஆளுக்கு 1.

இங்கதான் விஷயம் இருக்கு. 4-0ன்னு நொறுக்கினாலும் 2 பாயிண்ட்தான், இழுத்துப் பிடிச்சு 2.5-1.5ன்னு ஜெயிச்சாலும் அதே 2 பாயிண்ட்தான். 2006 வரைக்கும் எல்லா போர்டோட பாயிண்ட்டையும் கூட்டித்தான் ரேங்க் போட்டாங்க. 2008ல இருந்துதான் மேட்ச் பாயிண்ட் முதல்ல வந்துச்சு. அதனால உங்க கேம்ல எது நல்ல முடிவுங்கிறது, பக்கத்து மூணு போர்டுல என்ன நடக்குதுங்கிறதைப் பொறுத்தது.

இதுக்கு நம்ம மாமல்லபுரத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. 2022, பத்தாவது ரவுண்டு, இந்தியா 2 எதிர் உஸ்பெகிஸ்தான். குகேஷுக்கு அப்ப 16 வயசு. முதல் எட்டு கேமையும் தொடர்ச்சியா ஜெயிச்சவர், அதுல ஒண்ணு கருவானாவுக்கு எதிரா. அன்னைக்கு எதிர்ல அப்துசத்தாரோவ். பிரக்ஞானந்தா அவரோட போர்டுல ஜெயிச்சுட்டாரு, இன்னும் ரெண்டு போர்டு டிரா. குகேஷ் டிரா பண்ணியிருந்தாலே மேட்ச் நமக்கு. அவர் ஜெயிக்கிற நிலைமையிலயே இருந்தவர். ஆனா கேம் நீண்டுச்சு, கடிகாரம் ஓடுச்சு, கடைசியில குதிரையைத் தப்பா நகர்த்தித் தோத்துட்டாரு. மேட்ச் 2-2.

ஆபீஸ் கால்ல மைக்கை மியூட் பண்ணிட்டு லைவ் பார்த்துக்கிட்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிட்டேன்.

கணக்கைப் பாருங்க. உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 பாயிண்ட்ல முடிச்சாங்க, இந்தியா 2 எடுத்தது 18. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, நமக்கு வெண்கலம். அந்த ஒரு கேம் டிரா ஆகியிருந்தா தங்கம் உறுதின்னு சொல்ல மாட்டேன். கடைசி ரவுண்டு ஜோடிகளே மாறியிருக்கும். ஆனா முதல் போர்டுல தனிநபர் தங்கம் வாங்கின பையன், டீமுக்கு அரை பாயிண்ட் விட்டுட்டோமேங்கிற வலியோடதான் வீட்டுக்குப் போயிருப்பான். பெண்கள் அணிக்கும் இதே கதை. கடைசி ரவுண்டு வரைக்கும் முன்னணியில இருந்து, அமெரிக்காகிட்ட தோத்து வெண்கலம்.

அப்போ கேப்டன் என்ன பண்ணுவார்? யார் ரெஸ்ட் எடுக்கணும்னு முடிவு பண்றது அவர்தான். கேம் நடக்கும்போது "டிரா ஓகே"ன்னு சொல்லலாம், ஆனா போர்டுல இருக்கிற நிலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. சர்வர் மானிட்டர் பண்றவர் மாதிரி: டேஷ்போர்டைப் பார்க்கலாம், கோட்ல கை வைக்க முடியாது.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2024 புடாபெஸ்ட். குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன், விதித், ஹரிகிருஷ்ணா, கேப்டன் ஸ்ரீநாத். மறுபடியும் பத்தாவது ரவுண்டு, எதிர்ல அமெரிக்கா. பிரக்ஞானந்தா தோத்துட்டாரு. ஆனா குகேஷ் கருவானாவை ஜெயிச்சாரு, அர்ஜுனும் ஜெயிச்சாரு, விதித் டிரா. 2.5-1.5! மாமல்லபுரத்துல பிரக்ஞானந்தா ஜெயிச்ச நாள்ல குகேஷ் சறுக்கினாரு. இங்க பிரக்ஞானந்தா சறுக்கின நாள்ல குகேஷ் தாங்கிப் பிடிச்சாரு. டீம்னா இதுதாங்க.

முடிவுல 22க்கு 21 பாயிண்ட், ஓபன் பிரிவுல இந்தியாவுக்கு முதல் தங்கம். அதே நாள்ல பெண்கள் அணிக்கும் தங்கம். அதுல ஹரிகாவும் வைஷாலியும் தானியாவும் மாமல்லபுரத்துல அந்தக் கடைசி ரவுண்டைப் பார்த்தவங்க.

அடுத்த ஒலிம்பியாட் பார்க்கும்போது ஒரு போர்டை மட்டும் பார்க்காதீங்க. நாலையும் திறந்து வைங்க, யாரு யாருக்காக டிராவுக்கு ஒத்துக்கிறாங்கன்னு கவனிங்க.