பட்டம் விடப் பிடிக்காத பிள்ளை

செப்டம்பர் 17, விஸ்வகர்மா பூஜை. கொல்கத்தா கார்டன் ரீச்சில் பட்டம் விடுவோரால் மொட்டை மாடிகள் நிரம்பி வழியும். அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் இங்குள்ள மட்டியாபுருஜில் குடியேறிய காலந்தொட்டு, பட்டம் என்றால் இந்தப் பகுதிக்கு உயிர். எதிராளியின் நூல் அறுந்ததும் "போ காட்டா!" என்று தெருவே கத்தும். போன வருஷம் முதல் ஆளாகக் கத்திய பதினான்கு வயதுப் பையன், இந்த வருஷம் நூல் சுற்றிய லாட்டாயைத் தொடாமல் படுத்தே கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 'சோம்பேறி', 'திமிர்' என்று வீட்டில் திட்டு விழும். திட்டும் முன் அவன் மூளையைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

மூளையில் என்ன நடக்கிறது?

வெற்றியோ பாராட்டோ கிடைத்தால் மூளையின் ஆழத்திலுள்ள 'ஸ்ட்ரையாட்டம்' பகுதி விழித்துக்கொள்ளும். டோபமைன் என்ற வேதிப்பொருள் 'இன்னொரு முறை செய்' என்று உந்தும். மனச்சோர்வில் இந்த உந்துதல் மங்கிவிடக்கூடும். அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட பதின்வயதுப் பெண்களின் மூளை அலைகளை, சிறு தொகை வெல்லும் விளையாட்டின்போது பதிவு செய்தார்கள். வெற்றிக்கு மந்தமாக எதிர்வினை காட்டியவர்களுக்கு அடுத்த ஒன்றரை ஆண்டில் மனச்சோர்வு வரும் அபாயம் கூடுதல் என்று 2016-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

எப்போது கவனிக்க வேண்டும்?

பிடித்ததெல்லாம் கசப்பது, எரிச்சல், தூக்கமும் பசியும் மாறுவது, நண்பர்களைத் தவிர்ப்பது ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'செத்துவிடலாம்' என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தனியாக விடாதீர்கள்.

உரிமைகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அரசு மனநல சேவையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலும் வங்காள மொழியிலும் பேசலாம். மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆசை வரட்டும் என்று காத்திராமல் சிறு செயலில் தொடங்குவதும் ஒரு சிகிச்சை முறைதான். செய்யச் செய்ய ஆர்வம் மெல்லத் திரும்பும்.

இன்று மாலை ஐந்து நிமிஷம் மாடிக்குக் கூப்பிடுங்கள். லாட்டாயை நீங்கள் பிடியுங்கள். அவன் பக்கத்தில் நின்றால் போதும்.