கைப்பிடிக்கு எந்த பைப்?

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் மாப்பிள்ளை. மாடிப்படிக் கைப்பிடிக்கு எவர்சில்வரில் 304 கிரேடு பைப் போட்டால் வளையாது, 202 கிரேடு போட்டால் வளைந்துவிடும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓமலூர்ப் பக்கம் வீடு கட்டுகிற பலரும் இதை நம்பித்தான் கடைக்குப் போகிறார்கள். விஷயம் அப்படியில்லை.

எவர்சில்வர் பைப் வளைவதில் இரண்டு விதம் உண்டு. அழுத்தினால் தொய்ந்து, கையை எடுத்ததும் நிமிர்ந்துகொள்வது ஒன்று. நிமிராமல் கோணலாகவே நின்றுவிடுவது இன்னொன்று. முதல் விதத்தில் 202, 304, 316 எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அளவு ஒன்றானால் தொய்வும் ஒன்றே. இரண்டாவதில் 202தான் கெட்டி. கோணலாகாமல் 304 தகடு குறைந்தது 205 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தரவிதி, 202க்கு 260. நிக்கலைக் குறைத்து மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்த்திருப்பதால் வந்த கெட்டி அது.

அப்படியானால் 304க்கு ஏன் கூடுதல் விலை? துருவுக்காக. அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மழையில் நனையும் மொட்டைமாடிக்கும், உப்பு ஏறிய போர் தண்ணீர் படும் இடத்துக்கும் அதையே போடுங்கள். வீட்டுக்குள் 202 போதும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 304 என்பார்கள். 202லும் காந்தம் ஒட்டாது, ஆகையால் அது சோதனையே அல்ல.

பலம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் உருவத்திலிருந்து. நம் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை 1981 முதல் எவர்சில்வர் தகடு உருட்டுகிறது. இப்படிப்பட்ட தகட்டைப் பட்டையாகக் கிழித்து, சுருட்டி, விளிம்புகளைப் பற்றவைத்தால் பைப். அதே தகட்டை எவ்வளவு அகலமாகச் சுருட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வளையும்போது மேற்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும், நடுவில் இருக்கும் இரும்புக்கு அவ்வளவாக வேலை இல்லை. நாணலும் பறவை எலும்பும் உள்ளே கூடாக இருந்தும் பலமாக இருப்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தன் நூலிலேயே விளக்கியிருக்கிறார்.

கணக்குப் பார்ப்போம். ஒரு இன்ச் பைப், 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தடிமன்: 20 அடி நீளம் சுமார் 4.4 கிலோ. பலம் போதவில்லை என்று அதையே 14 கேஜில், 2 மி.மீ. தடிமனில் வாங்கினால் 7.1 கிலோ, பலம் ஒன்றரை மடங்கு ஆகும். தடிமனை விட்டுவிட்டு 18 கேஜிலேயே ஒன்றரை இன்ச் வாங்கிப் பாருங்கள்: எடை 6.7 கிலோதான், பலமோ முதல் பைப்பைப் போல 2.36 மடங்கு. தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். குறைந்த இரும்பில் கூடுதல் பலம்! எனக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் இருக்கிறது. ஒன்றரை இன்ச் சதுர பைப் என்றால் எடை இன்னும் கால் பங்கு கூடும். பலம் ஒன்றரை மடங்குக்கு மேல். ஆனால் பிடித்து ஏறுகிற கைக்கு உருண்டைதான் சுகம்.

இதற்கும் எல்லை உண்டு. பெரிய பைப்பை 22 கேஜ் மெலிசாக வாங்கினால் சுவரே ஒடுங்கி மடங்கிவிடும்.

கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். 4 அடிக்கு ஒரு கால் வைக்கிற இடத்தில் காசை மிச்சம் பிடிக்க 6 அடி விட்டால், அதே அழுத்தத்துக்குத் தொய்வு மூன்று மடங்கையும் தாண்டும். எந்த கிரேடு வாங்கியும் அதைச் சரிக்கட்ட முடியாது.

கடையில் பைப்பைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றரை இன்ச் 18 கேஜ், 20 அடி என்றால் 6.7 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். 5.6 கிலோ காட்டினால் அது 1 மி.மீ. பைப், அதற்கு 18 கேஜ் விலை கொடுக்காதீர்கள்.