மலைச்சாலையும் முகப்பு விளக்கும்

போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி மாவட்ட எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இருளிலும் மூடுபனியிலும் இவ்வழியே செல்வதுண்டு. பின்புறம் பாரம் மிகுந்தால் வண்டியின் முகப்பு நிமிர்கிறது. விளக்கொளியும் உடன் உயர்ந்து, எதிரே வருவோரின் கண்களைக் கூசச் செய்கிறது.

தாழ்நிலை ஒளியின் மேல்விளிம்பு, 10 மீட்டர் தொலைவில், விளக்கின் மையத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருத்தல் வேண்டும். வண்டி ஒரு பாகை நிமிர்ந்தாலும் அத்தொலைவில் ஒளி 17.5 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். 60 மீட்டர் தொலைவிலோ, அது விளக்கைவிட 45 சென்டிமீட்டர் மேலே செல்லும். அதாவது, எதிரே வரும் காரோட்டியின் கண்மட்டத்தை எட்டிவிடும்.

இதனைச் சீர்செய்வது எளிது. சக்கரங்களில் உரிய அளவு காற்றடைத்து, வழக்கமான பாரத்துடன் வண்டியைச் சமதளத்தில், சுவருக்கு நேரே 10 மீட்டர் தள்ளி நிறுத்துக. விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே கோடிடுக. விளக்கின் பின்னுள்ள திருகைத் திருப்பி, ஒளியின் மேல்விளிம்பை அக்கோட்டிற்குக் கொணர்க. ஓட்டுநர் இருக்கையருகே இதற்கெனச் சிறு திருகி அமைந்துள்ள வண்டிகளில், பாரத்திற்கேற்ப அதனையே திருப்பிக்கொள்ளலாம்.

ஆசிரியர்கள் கைவிளக்கு ஒன்றைக் கொண்டு இக்கணக்கை வகுப்பறைச் சுவரிலேயே மாணவர்க்குக் காட்டலாம். கோணம் சிறிதாயினும், தொலைவு மிக மிக அதன் விளைவு பெருகும் என்பதே இதிலுள்ள பாடம்.