ஒட்டுப்போட்ட ஒரு போர்வையின் கதை!

பாட்டியின் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்பில் படுத்திருக்கிறீர்களா, குட்டீஸ்? அதே போன்ற ஒரு போர்வையைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போவோமா?

அங்கே கம்ப்ரியா பகுதியில் 'லெவன்ஸ் ஹால்' என்ற பழைய மாளிகை இருக்கிறது. செடிகளை விதவிதமான உருவங்களாக வெட்டி வளர்க்கும் அதன் தோட்டம், 1694-ல் தொடங்கப்பட்டது. தோட்டத்தைச் சுற்றிவிட்டு உள்ளே போனால், கட்டிலில் ஒரு போர்வையும் திரைச்சீலைகளும்! எல்லாம் சின்னச் சின்னத் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்தவை. சுமார் 1708-ல் அந்த வீட்டுப் பெண்கள் தைத்ததாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத் துணி வேலைகளில் இதுவும் ஒன்று.

அந்தத் துணி எது தெரியுமா? நம் இந்தியாவின் பூப்போட்ட சீட்டித் துணி!

துவைத்தாலும் சாயம் போகாத சீட்டி மீது ஆங்கிலேயர்களுக்குக் கொள்ளை ஆசை. 'எங்கள் பிழைப்பு போச்சே' என்று அந்நாட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1700-ல் இறக்குமதிக்குத் தடைச் சட்டம் வந்தது. 1719-ல், சீட்டி உடுத்திய பெண்களின் ஆடைகளைத் தெருவிலேயே கிழித்தார்கள். 1721-ல் உடுத்தவும் தடை! 1774-ல்தான் அது நீங்கியது.

கிடைப்பதற்கு அரிதான துணி என்றால், துண்டைக்கூட வீச மனம் வருமா?

பூக்களுக்குச் சாயமேற்றிய நம் கைவினைஞர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் ஏற்றிய நிறம் மட்டும் 300 ஆண்டுகள் தாண்டியும் அங்கே இருக்கிறது.