மொழித் தரவகப் பணியாளரும் பணிநிலை ஏற்பும்

தமிழ்த் தரவகம் ஒன்றைப் பயன்படுத்தும் ஆய்வாளர் அதில் எத்தனை லட்சம் சொற்கள் உள்ளன என்று கேட்கிறார். அச்சொற்களைச் செப்பம் செய்தவர் யார், எந்த விதிப்படி செய்தார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. தரவுகளைத் திரட்டித் திருத்தி, இலக்கணக் குறியிட்டுப் பேணுவோர்க்கு நிலையான பதவியும் உயர்வுப் படிகளும் அமையாத சூழலில் மொழியாய்வுக்கு நேரும் இழப்பை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தை நடுவண் அரசின் மின்னணுத் துறை 1991இல் தொடங்கியது. தமிழ் உள்ளிட்ட மொழிகளின் தரவகங்கள் அதன் பயனாக உருவாயின. அதற்குப் பின்னர் எழுத்துக் குறியீட்டு முறைகள் பல மாறிவிட்டன. ஒரு முறையில் உள்ளிட்டதை மற்றொரு முறைக்கு மாற்றுவது பொறிவழி நடைபெறும் எளிய செயல் என்றே பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று என்பதற்கு ஔகாரம் ஒன்றே போதிய சான்றாகும்.

பழைய எழுத்துருக் குறியீடுகள் பலவற்றில் ஔகார உயிர்க்குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம் பயன்பட்டது. எனவே, யூனிகோடுக்கு மாற்றும்போது ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்று எகரக் குறியும் தனி ளகரமுமாகப் பதிவாகிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே; கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். சொல்லடைவில் இரண்டும் தனித்தனியே நிற்கும். வருகை எண்ணிக்கையும் பிரிந்துபோகும். இதனைத் திருத்த எண்ணி, எகரக் குறியைத் தொடரும் ளகரங்களையெல்லாம் ஔகாரமாக்கினால் ‘தெளிவு’, ‘வெளி’, ‘வெள்ளி’, ‘கெளுத்தி’ ஆகிய சொற்கள் சிதைந்துபோகும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வாராத இடங்களில் மட்டுமே மாற்ற வேண்டும் என்னும் நிபந்தனையைத் தமிழ் அறிந்த ஒருவர்தாம் வகுக்க இயலும். அவ்வாறு வகுத்த பின்னரும் எஞ்சும் இடங்களைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இலக்கணக் குறியீட்டில் இச்சிக்கல் மேலும் ஆழமாகிறது. ‘கத்தியைக் கொண்டு நறுக்கினாள்’ என்பதில் ‘கொண்டு’ சொல்லுருபு. ‘பையில் அரிசி கொண்டு வந்தாள்’ என்பதில் வினையெச்சம். ‘ஊருக்குப் போன மாமா’ என்பதில் ‘போன’ பெயரெச்சம். ‘போன வாரம்’ என்பதில் அதைப் பெயரடையாகக் கொள்வதா என்பது குறியிடுவோர் மேற்கொள்ளும் கொள்கையைப் பொறுத்தது. இத்தகைய முடிவுகளை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் எடுப்பவரைத் ‘தரவு உள்ளிடுவோர்’ என்று பெயரிட்டு, திட்டப்பணி முடியும்வரை ஒப்பந்தத்தில் அமர்த்துவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. பணி முடிந்து அவர் வெளியேறும்போது விதிகளும் அவருடைய குறிப்பேட்டோடு சென்றுவிடுகின்றன. அடுத்த திட்டத்தில் வருபவர் ‘போன’ என்பதற்கு வேறொரு முடிவை எடுக்கிறார். பின்னர் இரு தரவுகளையும் இணைத்து எந்திர மொழிபெயர்ப்பைப் பயிற்றினால், அம்முரண் எங்கிருந்து வந்தது என்று கூற எவரும் இரார்.

நம் முன்னோர் இதில் இவ்வளவு கவனக்குறைவாக இருந்ததில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் அலுவலகத்தில் மு. இராகவையங்கார் 1913 முதல் ஏறக்குறையக் கால் நூற்றாண்டு தலைமைத் தமிழ்ப் பண்டிதராகப் பணியாற்றினார். பதிப்பாசிரியர் மாறியபோதும் பணியின் நினைவு அறுந்துபோகாமல் காத்ததில் அத்தகைய பதவிக்குப் பங்குண்டு.

நூலகத்துறை இதனினும் நெருங்கிய முன்மாதிரியாகும். கணித ஆசிரியராக இருந்த சீ. இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்; 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். நூல்களைக் காத்து நிற்கும் வேலை என்று கருதப்பட்டதைத் தனித்த அறிவுத்துறையாக நிறுவியதில் அவர் பங்கு பெரிது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர்களோடு நூலகர்களுக்கும் தகுதிகளையும் உயர்வுப் படிகளையும் வகுத்துள்ளன. அதே விதிமுறைகளின் ஆய்வு மதிப்பீட்டில் மொழிபெயர்ப்பு நூலுக்கு 8 புள்ளிகள் உண்டு. குறியிடப்பட்ட தரவகத்துக்கெனத் தனித் தலைப்பு இல்லை. மொழிபெயர்ப்புக்குக் கிடைத்த இடம் தரவகத்துக்கு ஏன் கிடைக்கலாகாது என்பது மொழிபெயர்ப்பாளர்களே எழுப்ப வேண்டிய வினா. அவர்கள் இன்று பயன்படுத்தும் கருவிகள் தரவகத்தின்மேல் நிற்பவை.

பிறநாடுகளிலும் இது தானாக நிகழவில்லை. ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்னும் பெயர் 2012இல் பிரித்தானியாவில் ஒரு கூட்டத்தில் உருவாயிற்று. 2019இல் அவர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது. முதலில் பெயர் வந்தது. பதவிகள் அதனைத் தொடர்ந்தன. தமிழில் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்களை முகப்பிலேயே தருகின்றன. அங்கே தன்னார்வலர்க்குப் பெயர் உண்டு, ஊதியம் இல்லை. நம் திட்டப்பணிகளில் ஊதியம் உண்டு, பெயர் கிடைப்பது அரிது.

இப்பணிக்கு உரியவர்கள் இல்லாமலில்லை. தில்லி மந்திர் மார்க்கில் உள்ளது உட்பட, தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் பிள்ளைகள் தமிழ் பயில்கின்றனர். தெருவிலும் சந்தையிலும் இந்தி பேசுகின்றனர். தமிழ்–இந்தி இணைத் தரவகத்துக்கு இத்தகைய இருமொழித் திறன் இன்றியமையாதது. அவர்களுள் ஒருவர் மொழியியலில் முதுகலை முடித்து இப்பணிக்கு வரும்போது, முதற்படியாகத் தரவக உதவியாளர், அடுத்துத் தரவக அலுவலர், பின்னர்த் தரவகர் என்னும் ஏணி இருக்க வேண்டும். தாம் வகுத்த குறியீட்டு விதிநூல் அவர் பெயரில் வெளியாகி, பதவி உயர்வின்போது ஆய்வேடாகக் கணக்கிடப்படவும் வேண்டும். நூலகர்க்கான விதிகளில் சில சொற்களை மாற்றினாலே இதற்கான முதல் வரைவு கிடைத்துவிடும்.