இரவில் வரும் வலியும் தணிப்பு மையத்தின் தரமும்

புற்றுநோய் முற்றிய நிலையிலோ, இதயமோ சிறுநீரகமோ மீள முடியாத அளவுக்குப் பழுதடைந்த நிலையிலோ, ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பெரிய மருத்துவமனை அனுப்பிவைத்துவிட்ட பிறகு நோயாளியின் மருத்துவத் தேவை குறைந்துவிடுவதில்லை. வலியும் மூச்சுத்திணறலும் வாந்தியும் உறக்கமின்மையும் பெரும்பாலும் அதன் பின்னரே மிகுகின்றன. நோயைக் குணப்படுத்த முடியாத இடத்திலும் அது தரும் துன்பத்தைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட மருத்துவம் நோய்த்தணிப்புச் சிகிச்சை எனப்படுகிறது. அதன் ஒரு பகுதியாக, வாழ்வின் கடைசி வாரங்களில் இருப்பவர்களைத் தங்கவைத்தோ வீடு தேடிச் சென்றோ கவனிக்கும் அமைப்பு ஹாஸ்பிஸ் என்று வழங்கப்படுகிறது. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் இதன் நவீன வடிவத்துக்கு முன்மாதிரியாயிற்று. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986இல் மும்பையில் தோன்றிய சாந்தி அவேத்னா இல்லம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் தடத்தில் அமைந்த கவரைப்பேட்டை போன்ற ஊரில் இந்தத் தேவை தனி உருவம் கொள்கிறது. இப்பகுதி மக்கள் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ, அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ சென்றுவர இயல்கிறது. ஆனால், நோய் முதுகெலும்புக்குப் பரவி எழுந்து உட்காரவே முடியாதவரை வலி மாத்திரைக்காக மின்சார ரயிலில் ஏற்றிச் செல்ல இயலாது. மணலியை அடுத்த மாத்தூரில் புற்றுநோயாளிகளை இலவசமாகப் பராமரிக்கும் ஜீவோதயா இல்லம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் வட்டார அளவில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குச் செல்கின்றனர். இவற்றுக்கு இடையில் எஞ்சும் இடைவெளியை நிரப்ப, வாடகை வீட்டில் நான்கைந்து கட்டில்களும், ஒரு மருத்துவரும், இரண்டு செவிலியரும், ஒரு வாகனமுமாக ஓர் அறக்கட்டளையோ தனியாரோ மையம் தொடங்கும்போது, அதை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாமா என்ற கேள்வி குடும்பத்தின் முன் வந்து நிற்கிறது. கேள்வி எளியது, விடை காணும் வழிதான் பலருக்கும் தெரிவதில்லை.

மற்ற மருத்துவமனைகளை அளக்கும் கோல்கள் இங்கே பயன்படுவதில்லை. எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் குணமாகி வீடு திரும்பினார்கள் என்ற கணக்குக்கு இங்கே பொருளில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் இறப்பர் என்பது தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய இடர், சிகிச்சையின் தரத்தைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுந்த ஒரே மனிதர் இறந்துபோகிறார் என்பது. உறவினரோ துக்கத்திலும் களைப்பிலும் இருப்பர். கைவிடப்பட்ட நிலையில் இடம் கொடுத்தவர்கள் என்ற நன்றியுணர்ச்சி குறையைச் சொல்லவிடாது. ஆகவே நல்ல பெயரும், சுவரில் மாட்டிய படங்களும், நன்கொடையாளர் பட்டியலும் தரத்துக்குச் சான்றாகிவிடும் அபாயம் இத்துறையில் மிகுதி. சேவை மனப்பான்மை போற்றத்தக்கதே. ஆயினும் அது மருந்தின் இடத்தை நிரப்பாது.

முதலில் பார்க்க வேண்டியது வலியை அந்த மையம் எப்படி நடத்துகிறது என்பதே. வலி என்பது நோயாளி சொல்வதுதான் என்ற கொள்கையை ஏற்ற மையத்தில், பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவுகோலிலோ, எண் புரியாதவர்களுக்கு முகபாவப் படங்களைக் காட்டியோ, ஒவ்வொரு முறையும் வலி கேட்கப்பட்டுக் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. நேற்று மாலை எட்டு என்றிருந்த எண் மருந்தை மாற்றிய பின் இன்று காலை மூன்றாக இறங்கியதா என்பதை அதே தாளில் பார்க்க முடிகிறது. எட்டு என்ற எண் மூன்று நாள் தொடர்ந்து எழுதப்பட்டு மருந்துச்சீட்டு மட்டும் மாறாமல் இருந்தால், அங்கே அளத்தல் சடங்காகிவிட்டது என்று கொள்ளலாம்.

கடும் புற்றுநோய் வலிக்கு அடிப்படை மருந்து வாய்வழி மார்ஃபின் மாத்திரை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரமே நிற்பதால், காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு என்று வலி வருமுன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதும், இரவு பத்து மணிக்கு இரட்டை அளவு கொடுத்து நள்ளிரவு இரண்டு மணி வேளையைத் தவிர்த்து நோயாளியை உறங்கவிடுவதும், இடையில் திடீரென எழும் வலிக்கெனத் தனியாக ஒரு வேளை அளவை எழுதிவைப்பதும் பயிற்சி பெற்ற மருத்துவரின் வழக்கம். மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் ஏறத்தாழ நிச்சயம். எனவே மார்ஃபின் எழுதிய அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்கிறதா என்று பார்ப்பது, மருத்துவம் படிக்காதவரும் செய்யக்கூடிய நம்பகமான சோதனை. அது இல்லாத சீட்டு, எழுதியவர் இத்துறையில் நேரடிப் பயிற்சி பெற்றிருக்கமாட்டார் என்ற ஐயத்தை எழுப்பவேண்டும்.

மார்ஃபினை எல்லா மையங்களும் வைத்திருக்க முடியாது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985இல் வந்தபின், உரிமங்கள் பல பெறவேண்டியிருந்த கெடுபிடியால் பெரும்பாலான மருத்துவமனைகள் அம்மருந்தையே கைவிட்டன. மார்ஃபினுக்கு மூலமான அபினியை மருத்துவத்துக்காகச் சட்டப்படி விளைவிக்கும் மிகச்சில நாடுகளில் ஒன்றான இந்தியாவில் ஏழை நோயாளி வலியோடு சாவது இதனால் நேர்ந்த கொடுமை. 2014இல் செய்யப்பட்ட திருத்தம், மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என வகைப்படுத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த மருத்துவ நிறுவனம் அவற்றை வாங்கி வழங்க வழிசெய்தது. ஆகவே ‘உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா, இல்லையெனில் அங்கீகாரம் பெற்ற எந்த மருத்துவமனையிலிருந்து மருந்து வருகிறது, கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இருப்பு தீர்ந்திருந்தது’ என்ற கேள்விகளை மையத்தின் பொறுப்பாளரிடம் கேட்பதில் தவறேதுமில்லை. வாங்கிய மாத்திரை, கொடுத்த மாத்திரை, மிச்சம் என ஒவ்வொன்றையும் காட்டும் மார்ஃபின் பதிவேடு ஒரு சிறிய மையத்தின் ஒழுங்கை ஆண்டறிக்கையைவிடத் தெளிவாகச் சொல்லும்.

வலிக்கு அடுத்தபடியாகப் புண்ணைக் கவனிக்க வேண்டும். புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாயிலும் கன்னத்திலும் வரும் புற்றுநோய் தோலைப் பிளந்து வெளியே வரும்போது எழும் துர்நாற்றம், வலியைவிட அதிகமாக நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கிறது. பேரக்குழந்தைகள் அருகில் வருவதில்லை, சாப்பாட்டுத் தட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துக் கழுவிய புண்ணின் மீது தூவினால் சில நாட்களில் அந்த நாற்றம் அடங்குகிறது; விலை மிகக் குறைந்த இந்த முறையை இந்தியாவெங்கும் தணிப்புச் செவிலியர் கையாளுகின்றனர். ஒரு மையத்தின் படுக்கையறைக்குள் நுழைந்ததும் நாசிக்குத் தெரிவதும், படுத்த படுக்கையாய் இருப்பவரின் இடுப்புக்குக் கீழே புதிய படுக்கைப்புண் இருக்கிறதா என்பதும், உதடும் நாக்கும் ஈரமாக இருக்கின்றனவா என்பதும் எந்தச் சான்றிதழையும்விட உறுதியான சாட்சிகள். அதேபோல, சாகும் தறுவாயில் இருப்பவர் சாப்பிடவில்லையே என்று பதறி ‘ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க’ என்று உறவினர் கேட்கும்போது, பெரும்பாலும் அதனால் பயனில்லை, நெஞ்சில் நீர் சேர்ந்து மூச்சை அடைக்கவும் கூடும் என்பதைப் பொறுமையாக விளக்குகிறார்களா, கேட்டதற்காக ஏற்றிவிட்டுப் பில் போடுகிறார்களா என்பதிலும் தரம் வெளிப்படுகிறது.

எல்லாவற்றையும்விடக் கடுமையான சோதனை இரவுதான். பகல் பத்து மணிக்கு எல்லா மையமும் நன்றாகவே தோன்றும்; ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் மூச்சு முட்டும்போது தொலைபேசியை யார் எடுக்கிறார்கள், எடுப்பவருக்கு நோயாளியின் பெயரும் மருந்தும் தெரியுமா, என்ன செய்யவேண்டும் என்பது முன்பே வீட்டாருக்குச் சொல்லித்தரப்பட்டு, தேவையான மருந்து வீட்டிலேயே வைக்கப்பட்டிருக்கிறதா என்பவையே விடை வேண்டும் கேள்விகள். இந்த ஏற்பாடுகள் இல்லாத வீட்டில், பயந்துபோன குடும்பம் 108க்கு அழைத்து, அமைதியாக முடிந்திருக்கவேண்டிய உயிரைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் குழாய்களுக்கு இடையில் கொண்டு சேர்க்கிறது. அமெரிக்காவில் 2015 முதல் நடைபெறும் ஹாஸ்பிஸ் குடும்பக் கணக்கெடுப்பு, இறந்தவரின் உறவினரிடம் சில மாதங்கள் கழித்து, மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் கேட்ட உதவி கிடைத்ததா என்று தனியாகக் கேட்பது இதனால்தான்.

அதே கணக்கெடுப்பிலிருந்து ஆண்டுக்கு 50 இறப்புகளுக்கும் குறைவாகக் கையாளும் சிறிய நிறுவனங்கள் விலக்குப் பெறலாம் என்ற விதி வேறொன்றையும் உணர்த்துகிறது. ஆண்டுக்கு 20 பேரைக் கவனிக்கும் மையத்தில் இரண்டு குடும்பங்களின் கருத்து மாறினாலே மதிப்பெண் பத்து விழுக்காடு ஏறி இறங்கிவிடும். எனவே சிறிய மையத்துக்கு விழுக்காடும் தரவரிசையும் பொருந்தா. மாறாக, 20 குறிப்பேடுகளையும் ஒவ்வொன்றாகப் படித்து, கடைசி மூன்று நாட்களில் வலி எப்படியிருந்தது, யார் போய்ப் பார்த்தார்கள், எங்கே தவறியது என்று வெளியிலிருந்து ஒரு மருத்துவரையும் வைத்துக்கொண்டு பேச முடியும். பெரிய நிறுவனங்களால் செய்ய இயலாத இந்த ஆழம் சிறியவற்றுக்கு எட்டும். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் சிறு அளவில் தொடங்கிய வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கம், அந்தந்த ஊர்த் தொண்டர்களின் துணையோடு வளர்ந்து, 2008இல் கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுக்கும் நிலைக்குக் கொண்டுசென்றதற்கு, பக்கத்து வீட்டுக்காரர் கேள்வி கேட்கக்கூடிய நெருக்கம் ஒரு காரணம் எனலாம்.

நெருக்கம் இல்லாமல் கதவு சாத்திக்கிடக்கும் இல்லங்களைப் பற்றித்தான் அஞ்சவேண்டும். 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிவந்த ஓர் இல்லத்தின் வாகனத்தில் இறந்தவரின் உடலோடு உயிருடன் இருந்த முதியோரும் ஏற்றிச்செல்லப்பட்டதாகப் புகார் எழுந்து, அரசு விசாரித்து, அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றியது தமிழகத்தை அதிரவைத்தது. மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பது முதற்படி. எந்த நேரத்திலும் உறவினர் உள்ளே வரலாமா, தங்கியிருப்பவர் விரும்பினால் வீடு திரும்பலாமா என்பது அடுத்த படி.

நோயாளியிடம் உண்மை பேசப்படுகிறதா என்பது அளக்கக் கடினமான, ஆனால் விட்டுவிடக் கூடாத ஒன்று. ‘அவருக்குத் தெரிய வேண்டாம்’ என்று மகன் கேட்டுக்கொள்வதும், ‘அவனிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டான்’ என்று தந்தை கேட்டுக்கொள்வதும் ஒரே வீட்டில் நடக்கும். இருவருக்கும் நடுவே அமர்ந்து மெதுவாக அந்தத் திரையை விலக்கும் திறன் மையத்தில் யாருக்கேனும் இருக்கவேண்டும். கண்ணியமாக இறக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்று, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்பப் பத்திரத்துக்கு இடம்தந்து, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. ஆனால் எங்கே இறக்க விரும்புகிறார் என்ற எளிய கேள்விகூட நோயாளியிடம் கேட்கப்படாத இடத்தில் அந்தத் தீர்ப்பால் பயனில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வந்த பீகார், ஒடிசா தொழிலாளிக்கு இந்தக் கேள்வி அவருடைய மொழியில் கேட்கப்படவேண்டும் என்பதும், ஊருக்குப் போய்ச் சாக விரும்பினால் மருந்துச் சீட்டும் குறிப்பும் கையில் கொடுத்து அனுப்பப்படவேண்டும் என்பதும் இப்பகுதி மையங்களுக்கே உரிய கூடுதல் கடமை.

இறப்போடு மையத்தின் பொறுப்பு முடிவதில்லை. வீட்டில் நிகழ்ந்த இறப்புக்குக் காரணச் சான்றை மருத்துவர் தாமதமின்றி எழுதித் தந்தால், குடும்பம் சான்றுக்காக அலையாமல் 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்துகொள்ளும். மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளைச் செவிலியர் எண்ணித் திரும்பப் பெற்றுப் பதிவேட்டில் எழுதவேண்டும். சில வாரங்கள் கழித்து அதே வீட்டுக்குச் சென்று, கடைசி இரவில் வலி இருந்ததா, அழைத்தபோது யாராவது வந்தார்களா என்று கேட்டு, கிடைக்கும் பதிலைக் குறை உட்பட அப்படியே எழுதிக்கொண்டு வந்து ஊழியர் கூட்டத்தில் படித்துக்காட்டும் மையத்தை, கட்டில்கள் நான்கே ஆனாலும், கவரைப்பேட்டை மக்கள் தயங்காமல் நம்பலாம்.