விரலின் முறையீடு

கலையைப் பற்றிப் பேசும்போது ‘தவம்’ என்ற சொல்லை நாம் மிக எளிதாகக் கையாண்டு விடுகிறோம். தவமென்றால் உடலை வருத்துதல். ஆகவே உடல் வருந்தாத மாணவன் ஒன்றையும் கற்கவில்லை என்று முடிவுகட்டியும் விடுகிறோம். விரல் நுனி கன்றிச் சிவந்து, “நோகிறது, சேர்” என்று முறையிடும் கிற்றார் மாணவனுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, “நோகத்தான் செய்யும், வாசி” என்பதே. இம்மறுமொழியில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பிக் கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். ஆதலால் இதனைச் சற்று நின்று ஆராய்தல் தகும்.

உண்மையான பாதியை முதலிற் பார்ப்போம். உருக்குத் தந்தி பூட்டிய கிற்றாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை, ஏறக்குறைய 70 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். நைலோன் தந்தி பூட்டியதில் அது ஏறத்தாழ 40 கிலோகிராம். இவ்வாறு முறுக்கேறி நிற்கும் மெல்லிய கம்பியை, அதுவரை புத்தகமும் கோப்பையும் பிடித்துப் பழகிய இடக்கை விரல்கள் அழுத்தும்போது தோல் நோவது இயல்பே. சில வாரங்களில் அவ்விடம் தடித்துக் காய்த்துவிடும்; பின்னர் நோவு அடங்கும். வாசிப்பதை நெடுநாள் விட்டுவிட்டால் காய்ப்பும் மெலிந்துவிடும். எனவே ஞாயிற்றுக்கிழமையன்று நான்கு மணிநேரம் வாசித்து விரலைக் கொப்புளமாக்குவதிலும், நாள்தோறும் கால் மணிநேரம் வாசிப்பதே தோலுக்கு உகந்தது.

வீணை பழகும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. வைணிகரின் இடக்கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தந்தி ஓடி ஓடி விழுந்த தடத்தையும், விரல் வழுக்கிச் செல்லத் தொட்டுக்கொள்ளும் எண்ணெயையும் அவர்கள் கண்டிருப்பார்கள். அத்தடத்தைப் பெருமையோடு காட்டுவோரும் உளர். காட்டட்டும், பதக்கம் வாங்கிக் குத்திக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்!

ஆனால் தோலுக்கு உள்ளே நிகழ்வது முற்றிலும் வேறு. விரலை மடக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலுள்ள முன்கையில் இருக்கின்றன. பொம்மலாட்டக்காரன் மறைவில் நின்று நூலை இழுப்பதுபோல, அத்தசைகள் தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. மணிக்கட்டிலே ஓர் ஒடுங்கிய வழியினூடாக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருங்கிச் செல்கின்றன. மணிக்கட்டை மிகவும் வளைத்து வைத்துக்கொண்டு விரல்களை ஓடவிட்டால், அவ்வழியில் நெருக்கம் கூடும். தோலைப்போலத் தசைநாண் காய்த்து வலுப்பெறுவதில்லை. அதற்குக் குருதியோட்டம் குறைவு. புண்பட்டால் ஆறுவதற்கு வாரங்களன்றி மாதங்களும் செல்லும்.

ஆகவே நோவு இருவகைப்படும். வாசிக்கும்போது விரல் நுனியிலே சுடுவது போலிருந்து, வாத்தியத்தைக் கீழே வைத்ததும் மெல்ல மெல்ல அடங்குவது ஒன்று. மணிக்கட்டிலோ முன்கையிலோ பெருவிரலின் அடியிலோ தங்கி, மறுநாட் காலையிலும் இருப்பது மற்றொன்று. இரவிலே பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்துப்போய் உறக்கத்தைக் கலைக்குமானால், அது நரம்பின் முறையீடு. முன்னதைப் பொறுப்பது பயிற்சி. பின்னதைப் பொறுப்பவன் தன் கையைத் தானே கெடுக்கிறான். அவன் வாத்தியத்தை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை மதியாது விரலை வலிந்து பணியவைக்க முயன்றவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஜேர்மானியரான றொபேட் ஷூமன். அவருடைய வாத்தியம் பியானோ. ஆயினும் கதை கைக்குப் பொதுவானது. சட்டப் படிப்பைத் துறந்து, பியானோ மேதை ஆவதென்ற உறுதியோடு 1830 ஆம் ஆண்டில் லைப்சிக் நகரிலே பிறிட்றிக் வீக் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபது. நடுவிரல் தன் சொற்படி நடவாமை கண்டு, அதனைத் திருத்த ஒரு பொறியையும் கையாண்டார். 1832 இல் வலக்கை நடுவிரல் அவர் வசத்தில் இல்லை. அக்கால வைத்தியர் சொன்ன பரிகாரங்களுள் ஒன்று, அப்போதுதான் அறுத்த விலங்கின் வயிற்றினுள்ளே கையை வைத்திருப்பது! அதனாலும் பயன் விளையவில்லை. அவர் இசையமைப்பாளரானார், அவர் இயற்றியவற்றை மேடையேறி வாசித்தவர் அவர் மனைவி கிளாரா. உலகுக்கு இதனால் இலாபமே என்று சொல்வோர் உளர். இருபத்திரண்டு வயதில் தன் விரலை இழந்தவனிடம் சென்று அதைச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

ஷூமனுக்கு நேர்ந்தது யாதென்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்படவில்லை. இன்று பலர் கருதுவது, பயின்ற அதே அசைவின்போது மட்டும் விரல் தானாக மடங்குவதோ விறைத்து நிற்பதோ ஆகிய ஒரு கோளாறு என்பதாகும். கேடு கையிலன்று, கையை ஆளும் மூளையில். பெரும்பாலும் அதில் வலியே இராது என்பதுதான் அதன் கொடுமை. அளவிறந்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அமெரிக்கக் கிற்றார் கலைஞர் டேவிட் லைஸ்னரின் வலக்கையை 1980 களிலே பற்றிய நோய் இதுவே. பன்னிரண்டு ஆண்டுகள் வரையில் அவர் அதனோடு போராடினார். மீண்டது எவ்வாறு? விரல்களை இன்னும் கடுமையாக உழைக்க வைத்தன்று. தோள், மேற்கை ஆகியவற்றின் பெருந்தசைகளை வேலையிலே பங்குகொள்ளச் செய்து, விரலின் சுமையைக் குறைத்ததனாலேயே.

சுமை குறைந்த விரல் எவ்வளவு செய்யும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. பெல்ஜியத்திற் பிறந்த நாடோடி இனத்துக் கலைஞர் ஜாங்கோ றைன்ஹாட் 1928 இல், தம் பதினெட்டாம் வயதில், வண்டிவீட்டில் மூண்ட தீயில் அகப்பட்டார். இடக்கை மோதிர விரலும் சிறுவிரலும் சுருங்கிப் போயின. எஞ்சிய இரு விரல்களுக்கு ஏற்ற புதிய வழியைக் கண்டு, 1934 இல் பாரிஸில் வயலின் கலைஞர் ஸ்ரெபான் கிறப்பெலியோடு சேர்ந்து அவர் அமைத்த குழு ஜாஸ் வரலாற்றிலேயே இடம்பெற்றது. 1965 இல், பேர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில், இடக்கை வாத்தியக்காரனான ரொனி ஐயோமி என்ற பதினேழு வயது இளைஞன் தந்தியை அழுத்தும் வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பலி கொடுத்தான். தொழிற்சாலை மேலாளர் அவனுக்குக் கேட்கத் தந்தது றைன்ஹாட்டின் இசைத்தட்டு. அவன் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்தி பூட்டி வாசித்தான். பின்னாளில் தந்தியின் முறுக்கையும் தளர்த்தினான்.

நம் மாணவரிடம் பத்து விரல்களும் முழுமையாக இருக்கின்றன. அவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே: சுட்டுவிரலை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே கிடத்தி அழுத்தும் பிடி. ஒலி மங்கும்போது மாணவன் இன்னும் இறுக்குகிறான். பெருவிரல் தண்டின் பின்னாலிருந்து இடுக்கிபோல நெரிக்கிறது. தோள் காதுவரை உயர்கிறது. விரலை மெட்டுக்கு அருகே நகர்த்தினால் குறைந்த அழுத்தத்திலேயே சுரம் தெளிவாகும். தந்தி தண்டுக்கு மேலே அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், குற்றம் மாணவனுடையதன்று; விலை குறைந்த வாத்தியங்கள் பலவற்றில் அவ்வாறுதான் இருக்கும். பழுதுபார்ப்பவர் சிறிது நேரத்தில் அதைத் தாழ்த்தித் தருவார்.

எதிரே அமர்ந்திருக்கும் ஆசிரியருக்குத் தந்தியின் மேலுள்ள நான்கு விரல்களே தெரியும். நெரிக்கும் பெருவிரல் தண்டின் மறைவில் இருக்கிறது. அதனைக் காண அவர் எழுந்து மாணவனின் பின்னே சென்று நிற்கவேண்டும். சென்றவர், வாசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பெருவிரலைச் சற்று எடுக்கும்படி சொல்லிப் பார்க்கலாம். எடுத்த பின்னரும் சுரம் ஒலிக்குமானால், அதுவரை அது நெரித்ததெல்லாம் வீணென்பதை மாணவனே உணர்வான்.